வெட்டினால் இலவசம், கவாத்துக்குப் பணம்: சேலத்து மரத் தொழிலின் கணக்கு

சித்திரை, வைகாசி மாதங்களில் சேலத்தில் மாலை நேரத்துச் சுழற்காற்றோடு கோடை மழை அடித்துவிட்டால், மறுநாள் காலையில் அஸ்தம்பட்டி, அழகாபுரம், கன்னங்குறிச்சி என்று மரம் நிற்கும் தெருக்களில் எல்லாம் ஒரே தேவை எழுகிறது: கூரைமேல் சாய்ந்து நிற்கும் வாதை, அதாவது பெரிய கிளையை, கழிக்க ஆள் வேண்டும். ஆள் வந்து மரத்தை அண்ணாந்து பார்த்து விலை சொல்லும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. வேப்பமரத்தை அடியோடு வெட்டிக்கொள்ளச் சொன்னால் கூலி வேண்டாம் என்கிறார். மரம் பெரிதாக இருந்தால் வீட்டுக்காரர் கையில் பணம் கொடுத்துவிட்டே வெட்டிக்கொண்டு போகிறார். அதே மரத்தில் வீட்டுப் பக்கம் நீண்டிருக்கும் இரண்டு வாதுகளை மட்டும் எடுத்துவிட்டு மரத்தை நிறுத்தித் தரச் சொன்னால், அதாவது கவாத்து செய்யச் சொன்னால், ஆயிரக்கணக்கில் கேட்கிறார்.

பெரிய வேலைக்குக் கூலி இல்லை, சிறிய வேலைக்குக் கூலி உண்டு என்பது கேட்பவருக்கு ஏமாற்றாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் இதில் ஏமாற்று ஏதும் இல்லை. இந்தத் தொழிலில் வருமானம் எங்கிருந்து வருகிறது, ஆபத்தை யார் சுமக்கிறார் என்ற இரண்டையும் புரிந்துகொண்டால், நகரத்து மரங்கள் ஏன் இப்படி மொட்டையாக நிற்கின்றன என்பதும் சேர்ந்தே விளங்கும்.

மரத் தொழிலில் இருப்பவர்கள்

மரம் வெட்டுபவர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறவர்களில் குறைந்தது மூன்று வகையினர் உண்டு.

1. மர வியாபாரி. மரத்தை நிற்கும் நிலையிலேயே விலை பேசி, ஆள் வைத்து வெட்டி, கட்டையாகவும் விறகாகவும் விற்பவர். மரம் வெட்டுவது இவருக்குச் செலவு, விற்பதே தொழில்.

2. ஏறுபவரும் அவருடைய குழுவும். ஒருவர் மேலே ஏறுவார். இரண்டு மூன்று பேர் கீழே கயிறு பிடிப்பார்கள், வாதுகளைத் துண்டு போடுவார்கள், தழையையும் மிலாறையும் (மெல்லிய சுள்ளிகளையும்) ஒதுக்குவார்கள். நாள்கூலிக்கும் போவார்கள், மொத்தமாகப் பேசியும் செய்வார்கள்.

3. மரத்தின் நலனைப் பார்த்து வேலை செய்பவர். எந்த வாதை எந்த இடத்தில் எடுக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று சொல்லி, அதன்படி செய்து தருபவர். சேலத்தில் இந்த மூன்றாவது வகையினரின் எண்ணிக்கை மிகவும் குறைவு. அப்படிச் செய்யக்கூடிய அறிவும் கையும் உள்ளவர்கள் இரண்டாவது வகையிலேயே பலர் இருக்கிறார்கள். அந்த வேலைக்குக் கூலி கொடுப்பவர்கள்தாம் இல்லை.

கூலி மரத்திலிருந்தே வருகிறது

இந்தத் தொழிலின் அச்சாணி இதுதான்: பெரும்பாலான வேலைகளில் குழுவுக்குக் கிடைக்கும் கூலி வீட்டுக்காரரின் கையிலிருந்து வருவதில்லை, வெட்டிய கட்டையை விற்பதிலிருந்து வருகிறது. வைரம் பாய்ந்த வேம்பு நிலை, கதவு வேலைக்குப் போகும். புளி, புங்கன், வேம்பு ஆகியவற்றின் வாதுகள் செங்கல் சூளைக்கும் உணவகங்களின் அடுப்புக்கும் விறகாகப் போகும். மாமரம் பெட்டி அடிக்கப் போகும். குல்மோகருக்கோ கட்டை விலை மிகக் குறைவு. அதனால்தான் அதை அடியோடு வெட்டுவதற்கும் பணம் கேட்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழே வரும் தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. உண்மை விலை இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும்.

1. ஏறுபவர் ஒருவர், கீழாள் மூவர், மிஷின் ரம்பம், பெட்ரோல், கட்டை ஏற்றும் வண்டி எல்லாம் சேர்த்து ஒரு நாள் செலவு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

2. முழு மரத்தையும் வெட்டினால் 3 டன் கட்டை கிடைத்து, டன் 3,000 ரூபாய்க்கு விலைபோனால் வரவு 9,000 ரூபாய். செலவு போக 3,000 ரூபாய் மிச்சம். வீட்டுக்காரரிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்க வேண்டியதில்லை. அவருக்கே கொஞ்சம் கொடுக்கலாம்.

3. இரண்டு வாதுகளை மட்டும் எடுத்தால் 400 கிலோ கிடைக்கும். வரவு 1,200 ரூபாய். செலவோ அதே 6,000 ரூபாய்தான். ஏனென்றால் அதே நான்கு பேர், அதே ரம்பம், அதே வண்டி, அதே உயரம். கூரை உடையாமல் கயிற்றில் கட்டி இறக்க வேண்டியிருப்பதால் நேரம் இன்னும் கூடுதலாகவே பிடிக்கும். குறைகிற 4,800 ரூபாயை வீட்டுக்காரரிடம்தான் கேட்டாக வேண்டும்.

பேரம் எங்கே போய் முடிகிறது என்று கவனிக்க வேண்டும். வீட்டுக்காரர் விலையைக் குறைக்கச் சொல்கிறார். குறைக்க வேண்டுமானால் இன்னும் இரண்டு வாது சேர்த்து எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் குழுத் தலைவர். பிறகு இன்னும் ஒன்று. கூலியைக் கட்டையால் ஈடுகட்டும் ஏற்பாட்டில், விலை குறையக் குறைய மரமும் குறைந்துகொண்டே போகிறது. மரத்தின் மேல் அக்கறையோடு பேரம் பேசத் தொடங்கியவரின் வாசலிலேயே கடைசியில் மொட்டை மரம் நிற்பது இதனால்தான். இதில் குழுவை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது என்பது என் உறுதியான கருத்து.

மொட்டை அடிப்பது கவாத்து ஆகாது

மரத்தின் தலையையும் பெரிய வாதுகளையும் நடுவில் வெட்டி, முண்டாக நிறுத்துவதைத் தொழிலில் மொட்டை அடிப்பது என்பார்கள். காற்றுக்கு விழாமல் இருக்கவே மொட்டை அடிக்கிறோம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மரத்தின் உடற்கூறு அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது.

மனித உடலில் காயம் பட்டால் புதுத் திசு வளர்ந்து பழையதை மாற்றிவிடும். மரத்துக்கு அந்த வசதி இல்லை. அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, 1970களில் இதை விளக்கினார்: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அழுகல் உள்ளே பரவாமல் அடைத்துவிடுகிறது. அந்தச் சுவரை எழுப்பும் வலு வாது தண்டோடு சேரும் இடத்தில், சற்றே வீங்கிய கழுத்துப் பகுதியில், மிகுதியாக இருக்கிறது. அந்தக் கழுத்தை ஒட்டி வெட்டினால் சில ஆண்டுகளில் பட்டை வளையமாக வளர்ந்து மூடிக்கொள்ளும். வாதின் நடுவில் முண்டு விட்டு வெட்டினால் மூட வழியில்லாமல் முண்டு அழுகும்; அழுகல் தண்டுக்குள் இறங்கிப் பொந்தாகும். கழுத்தையும் சேர்த்துத் தண்டோடு மழுங்க வெட்டினாலும் இதே கதிதான். வெட்டுவாயில் தார், பெயின்ட் பூசுவது அழுகலைத் தடுக்காது.

மொட்டை அடித்த மரம் பட்டினிக்கு அஞ்சிப் பட்டைக்கு அடியில் உறங்கும் மொக்குகளிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். பார்ப்பதற்குச் செழிப்பாகத் தெரியும் இந்தப் புது வாதுகள் உள்மரத்தில் வேரூன்றியவை அல்ல. மேற்பட்டையை ஒட்டி நிற்பவை. நான்கைந்து ஆண்டுகளில் அவை கை கனத்துக்கு வளரும்போது, அடியில் முண்டு அழுகியிருக்கும். அடுத்த கோடைச் சுழற்காற்றில் முறிந்து விழுபவை பெரும்பாலும் இவையே. பாதுகாப்புக்காக அடித்த மொட்டை, சில ஆண்டுகள் கழித்து முன்பு இல்லாத ஆபத்தை உண்டாக்குகிறது. ஒரே ஆண்டில் பச்சையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற வழிமுறை இதற்காகவே இருக்கிறது.

கனமான வாதை எடுப்பதற்கு மூன்று வெட்டு முறை உண்டு. கழுத்திலிருந்து ஓர் அடி தள்ளி, முதலில் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் அறுக்க வேண்டும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து கீழாக இரண்டாம் வெட்டு. வாது இங்கே முறிந்து விழும், முதல் வெட்டு இருப்பதால் பட்டை தண்டுவரை கிழியாது. மிஞ்சிய முண்டைக் கழுத்தை ஒட்டி எடுப்பது மூன்றாவது. ஒரே வெட்டில் விழுத்தினால் வேலை விரைவாக முடியும். பட்டை தண்டோடு இரண்டடி உரிந்து தொங்கும். சேலத்துச் சாலையோர வேம்புகளில் அந்த உரிந்த தழும்பை யாரும் பார்க்கலாம்.

மேலே இருப்பவரின் ஒரு நாள்

30 சென்டிமீட்டர் குறுக்களவும் 4 மீட்டர் நீளமும் உள்ள பச்சை வாது கிட்டத்தட்ட 280 கிலோ இருக்கும். அதைத் தன் தலைக்கு மேலோ காலுக்குக் கீழோ வைத்துக்கொண்டு, 8 மீட்டர் உயரத்தில், கவையில் (கிளை பிரியும் இடத்தில்) ஒரு காலும் வாதில் ஒரு காலுமாக நின்று ஒருவர் ரம்பம் பிடிக்கிறார். அந்த உயரத்திலிருந்து தவறினால் தரையைத் தொட 1.3 வினாடிகூட ஆகாது. தொடும்போது வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர்.

வேலை காலை ஆறு மணிக்கே தொடங்குவது வெயிலுக்காக மட்டும் இல்லை. பத்து மணிக்கு மேல் காற்று எழும். ஏறுபவர் முதலில் மரத்தைச் சுற்றி வருவார். தூரில் காளான் முளைத்திருக்கிறதா, தட்டினால் பொக்கையாக ஒலிக்கிறதா, இலை மறைவில் கதண்டு என்னும் பெரிய குளவியின் கூடு தொங்குகிறதா என்று பார்ப்பார். கதண்டு கொட்டினால் உயிரே போகலாம் என்பதால், கூடு கண்ணில் பட்டால் அன்றைய வேலை அத்தோடு நிற்கும், கூலியும் நிற்கும். பழைய மரமாக இருந்தால், அதுவும் வேம்போ அரசோ ஆக இருந்தால், தூரில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டே கோடாலியைத் தொடுவார்கள். பிறகு வடத்தை மேல் கவையில் போட்டு, ஒரு முனையை வெட்டப்போகும் வாதில் கட்டி, மறுமுனையைக் கீழாளிடம் கொடுப்பார். கீழே கயிறு பிடிப்பவர் அதைப் பக்கத்து மரத் தூரில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருப்பார். அந்த இரண்டு சுற்றின் உராய்வுதான் 280 கிலோவை ஒற்றை ஆளால் மெல்ல இறக்க வைக்கிறது. கையில் மட்டும் பிடித்திருந்தால் கயிறு உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடும்.

குறை எங்கே என்றால், வாதுக்குக் கட்டும் கயிறு ஏறுபவருக்கும் உண்டா என்பதில். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தொடையையும் இடுப்பையும் சேர்த்துத் தாங்கும் பட்டை, தலைக்கவசம், ரம்பச் சங்கிலி பட்டால் இழைகள் பிரிந்து சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்தும் காற்சட்டை ஆகியவை இங்கே அரிதாகவே கண்ணில் படுகின்றன. ரம்பத்தின் நுனி மேற்பகுதி எதன்மேலாவது பட்டால், அலகு கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் துள்ளும். தரையில் நிற்பவர் விலகலாம். மரத்தின்மேல் ஒற்றைக் கையில் ரம்பம் பிடித்திருப்பவர் விலக இடம் இல்லை.

மின்கம்பிக்குப் பக்கத்து வாது

11 கிலோவோல்ட் கம்பிக்கு அருகில் உள்ள பச்சை வாதும் ஈரக் கயிறும் மின்சாரத்தைக் கடத்தும். கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே பாயலாம். ஆகவே மின்வாரியத்திடம் லைன் கிளியர் வாங்காமல், அதாவது அந்தப் பகுதியின் மின்சாரத்தை அதிகாரபூர்வமாக நிறுத்தி உறுதிசெய்யாமல், ஏறவே கூடாது. நடைமுறையில் இதற்கு நாள் கிடைப்பது சிரமம். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் மின்வாரிய ஊழியர்கள் கம்பிப் பக்கத்து வாதுகளைத் தாங்களே கழிக்கிறார்கள். கம்பியை விடுவிப்பதே அவர்களுடைய கடமை, மரத்தின் சமநிலை அவர்கள் பொறுப்பில் இல்லை. ஒரு பக்கம் மட்டும் ஆண்டுதோறும் கழிக்கப்பட்ட மரம் மறுபக்கம் பாரம் ஏறி வீட்டை நோக்கிச் சாய்கிறது. அதைச் சரிசெய்யும் வேலை பிறகு தனியார் குழுவிடம் வருகிறது, இன்னும் கடினமான வேலையாக.

மலையில் கணக்கு வேறு

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டுக்குப் போனால், மரத்தின் மதிப்பே வேறாகிவிடுகிறது. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் காப்பியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் விவசாயம் நிழலை நம்பியது. இன்று அந்த நிழலைப் பெரும்பாலும் தருவது கிழக்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சில்வர் ஓக். அதன் தண்டில் மிளகுக் கொடி ஏறுகிறது. அடியில் அரபிகாக் காப்பி நிற்கிறது. ஒரே மரம் மூன்று வருமானத்தைத் தாங்குகிறது.

இங்கே கவாத்து என்பது நிழலை அளந்து கொடுப்பது. நிழல் மிகுந்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை நோய் வரும், பூப்பு குறையும். நிழல் குறைந்தால் வெயில் காப்பித் தண்டைச் சுடும். வெள்ளைத் தண்டு துளைப்பான் வண்டு வெயில் படும் தண்டைத் தேடித்தான் முட்டையிடுகிறது. அந்த வண்டு பறக்கும் பருவம் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும். ஆகவே எந்த மாதத்தில் எவ்வளவு வாது எடுப்பது என்பதைத் தவறாகக் கணித்தால், சேதம் மரத்தில் தெரியாது. அடுத்த ஆண்டு காப்பிச் செடியில் தெரியும்.

வேலைமுறையும் கடினமானது. மிளகுக் கொடி படர்ந்த தண்டைக் கட்டிப்பிடித்து ஏற முடியாது. ஏணியை அண்டக் கொடுத்துக் கொடி நசுங்காமல் ஏற வேண்டும். சில்வர் ஓக் வாது வளைந்து கொடுக்காது, சட்டென்று முறியும். அதை நம்பிக் கால் வைக்க முடியாது. அதன் சாறும் தூளும் பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். வெட்டிய வாது காப்பி வரிசைகளுக்கு இடையில் உள்ள சந்தில் விழ வேண்டும். முறிந்த செடிக்குப் பதில் புதிதாக நட்டால் காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். இவ்வளவு நுணுக்கமான வேலையை மலைக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள் தலைமுறையாகக் கையில் வைத்திருக்கிறார்கள். தோட்டக்காரர் இவர்களுக்குக் கட்டையாகக் கூலி தருவதில்லை. கையில் பணம்தான் தருகிறார். அதனால் மலையில் சில்வர் ஓக் மொட்டையாவதில்லை, உச்சிக் கொத்தோடு நிற்கிறது. கூலி எதிலிருந்து வருகிறதோ அதன்படியே வேலையின் தரமும் அமைகிறது என்பதற்குச் சேலத்துக்கு அருகிலேயே உள்ள சான்று இது.

யாரிடம் அனுமதி வாங்குவது

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். சாலையோர மரம் சாலையைப் பொறுத்து மாநகராட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ உரியது. வாசலில் நிற்பதால் அது வீட்டுக்காரருடையது ஆகிவிடாது. புறம்போக்கில் நிற்பதற்கு வருவாய்த் துறையிடம் போக வேண்டும். பட்டா நிலமே என்றாலும் சந்தன மரத்தை வனத்துறை வழியாக அல்லாமல் தொட முடியாது. மலையில் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கிடுகிறது. அதன்படி அறிவிக்கப்பட்ட பகுதிகளில் பட்டாதாரரும் அந்தச் சட்டப்படி அமைந்த அரசுக் குழுவின் முன் அனுமதி பெற்றே மரம் வெட்ட வேண்டும்.

வீட்டுக்காரர் எல்லாம் கேட்டாகிவிட்டது என்று வாய்மொழியாகச் சொல்லிவிடுவார். கட்டையை ஏற்றிய வண்டி வழியில் நிறுத்தப்பட்டால் கையில் தாள் இல்லாமல் நிற்பவர் குழுத் தலைவர். வண்டி வாடகையும் அன்றைய கூலியும் அவர் தலையில் விழும்.

காப்பீடும் பில்லும்

தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் பயிற்சி அளித்து வருகிறது. அவர்களுக்கென்று கேரா சுரக்ஷா என்ற விபத்துக் காப்பீடும் நடத்துகிறது. பனைத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. வேம்பும் புளியும் ஏறுபவருக்கென்று அப்படித் தனி ஏற்பாடு இருப்பதாகத் தெரியவில்லை. அவர் கைக்கு எளிதில் எட்டுவது வங்கிக் கணக்கு உள்ள எவரும் சேரக்கூடிய பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா: 18 முதல் 70 வயதுவரை, ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். முதுகெலும்பு அடிபட்டு ஓராண்டு படுத்திருப்பவரின் மருத்துவச் செலவுக்கோ வீட்டுச் செலவுக்கோ அதில் இடமில்லை. உயரத்தில் நின்று செய்யும் இந்தத் தொழிலில் அந்த வகை விபத்தும் நடக்கக்கூடியது என்பதால் இது என்னை மிகவும் உறுத்துகிறது.

பள்ளி, மருத்துவமனை, ஆலை போன்ற நிறுவனங்கள் ஜிஎஸ்டி பில் கேட்கும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழ் என்றால் பதிவு கட்டாயமில்லை. நான்கு பேர் குழு அந்த அளவை எட்டுவதில்லை. எனவே பில் கொடுக்கக்கூடிய ஒரு காண்ட்ராக்டர் வேலையை எடுத்து, தன் பங்கை வைத்துக்கொண்டு, மீதியில் குழுவை அனுப்புகிறார். பாதுகாப்புப் பட்டைக்கும் நல்ல கயிற்றுக்கும் ஒதுக்க வேண்டிய பணம் இந்த இடைவெளியில்தான் காணாமல் போகிறது.

வேலையும் சீராக வருவதில்லை. புயல் நாளில் நூறு பேர் அழைப்பார்கள்; 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தபோது இருந்த ஆள் எதற்கும் போதவில்லை. பிறகு வாரக்கணக்கில் அழைப்பே இருக்காது. ஆடியில் காற்று பலமாக அடிக்கும், அம்மன் மாதம் என்று வேம்பைத் தொடவும் பலர் சம்மதிக்க மாட்டார்கள்.

நோய் பார்த்துச் சொல்வதற்கு விலை இல்லை

மழைக்காலத்தை ஒட்டி வேப்பமரங்களின் நுனிக் கொழுந்து கருகி, மரமே தீயில் வாட்டியதுபோல் பழுப்பாக நிற்பதைச் சில ஆண்டுகளாகப் பல ஊர்களில் பார்க்கிறோம். தேயிலைக் கொசு என்னும் பூச்சியும் நுனிக்கருகல் பூஞ்சையும் இதற்குக் காரணம். மரம் பட்டுவிட்டது என்று நினைத்து வெட்டச் சொல்லி ஆள் அனுப்புகிறார்கள். ஆனால் பெரும்பாலான மரங்கள் கோடையில் மறுபடி தளிர்த்துவிடுகின்றன. அனுபவமுள்ள ஏறுபவர் வாதின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். அடியில் பச்சை தெரிந்தால் மரத்துக்கு உயிர் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத் திரும்பினால் அவருக்கு அன்று வருமானம் ஏதுமில்லை, வந்துபோன பெட்ரோல் செலவு அவருடையது. வெட்டினால் மூன்று டன் கட்டை. இருந்தும் உண்மையைச் சொல்லித் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்; பார்வைக் கூலி என்று ஒரு சிறு தொகையை அவர்களுக்குக் கொடுப்பது வழக்கமாக வேண்டும்.

விலை பேசும்போது கேட்க வேண்டியவை

1. கூலி தனி, கட்டை தனி என்று பிரித்துப் பேச வேண்டும். முதலில் கூலியை மட்டும் முடிவுசெய்துவிட்டு, வெட்டிய கட்டை யாருக்கு, என்ன விலைக்கு என்பதைப் பிறகு பேசினால், கூடுதலாக ஒரு வாது எடுப்பதில் குழுவுக்கு ஆதாயம் இராது.

2. எந்தெந்த வாது என்பதைச் சுண்ணாம்பாலோ துணி கட்டியோ குறிக்க வேண்டும். வெட்டு கழுத்தை ஒட்டி இருக்க வேண்டும், முண்டு விடக்கூடாது என்பதையும் முன்பே சொல்ல வேண்டும்.

3. ஏறுபவருக்குத் தனிக் கயிறும் பாதுகாப்புப் பட்டையும் உண்டா என்று கேட்க வேண்டும். உண்டு என்பவர் சில நூறு ரூபாய் கூடக் கேட்டால் அது நியாயமான தொகை.

4. கம்பி அருகில் இருந்தால் லைன் கிளியர் யார் வாங்குவது, எந்த நாள் என்பது முடிவாகாமல் முன்பணம் கொடுக்கக்கூடாது.

5. கட்டையை வீட்டுக்காரரே வைத்துக்கொள்வதானால், அதைத் துண்டு போட்டு அடுக்கித் தருவதற்கு அரை நாள் கூலி தனியாகும். தழையையும் மிலாறையும் தோட்டத்து மூலையில் மண்ணை மூடும் மூடாக்காகப் போடச் சொன்னால், அதை ஏற்றிப் போகும் வண்டிச் செலவு மிச்சமாகும்.